சார்புகளை மட்டும் கொடுத்தால் இடத்தைக் கண்டுபிடிக்கலாமா?

ஜூலை 6, ஞாயிறு, இரவு 9.40

நேராகக் கேட்டுவிடுகிறேன். ஒரு கலப்பெண் மேனிஃபோல்டு (சிறு சிறு துண்டாகப் பார்த்தால் கலப்பெண் வெளி போலவே தெரியும் இடம்) இருக்கிறது, அதை நமக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் அதன் மேல் முழுக்க வரையறுக்கப்பட்ட பகுமுறைச் சார்புகள் (எல்லாப் புள்ளியிலும் கலப்பெண் வகைக்கெழு உள்ளவை) அத்தனையையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டைக் கூட்டினால் எது வரும், பெருக்கினால் எது வரும் என்று சொல்லுவார்கள். எந்தப் புள்ளியில் என்ன மதிப்பு என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இந்த மூட்டையை வைத்து மேனிஃபோல்டை மீட்டெடுக்க முடியுமா?

முடியும் என்பது என் கட்சி. பகுமுறைச் சார்பு அவ்வளவு கெட்டியான பொருள். ஒரு மிளகளவு வட்டத்துக்குள் அது என்ன செய்கிறது என்று தெரிந்தால், தொடர்ச்சியாக இருக்கும் இடம் முழுவதும் என்ன செய்யும் என்பது முடிவாகிவிடுகிறது. இவ்வளவு கட்டுக்கோப்பாக இருப்பவை தாங்கள் வாழும் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்குமா?

என்னைப் பற்றி: பெங்களூரில் எலஹங்கா பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன், வீடு மல்லேஸ்வரம். வருடா வருடம் கோஷி–ரீமான் சமன்பாடு, நான்கு கணக்கு, அடுத்த பாடம் என்று ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. இந்த ஆண்டு அதைத் தாண்டி, பல மாறிகள், மேனிஃபோல்டுகள் என்று மாலையில் உட்கார்ந்து படிக்கிறேன். கூடப் பேச ஆள் வேண்டும். அதற்காகத்தான் இந்த இழை.

ஜூலை 6, இரவு 10.25

பாத்திரம் கழுவும்போதே தெரிந்துவிட்டது, மேலே சொன்னது அப்படியே நிற்காது. கோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் முழுக்கப் பகுமுறையாக இருக்கும் சார்பின் மட்டு (கலப்பெண்ணின் அளவு) எங்கோ ஒரு புள்ளியில் உச்சம் தொட்டே ஆக வேண்டும், ஏனென்றால் கோளம் காம்பேக்ட், அதாவது எந்தப் பக்கமும் தப்பி ஓட முடியாதபடி மூடியது. உள்ளே உச்சம் தொட்டால் சார்பு மாறிலிதான், அதுதான் உச்ச மதிப்புத் தேற்றம். கோளத்துக்கு விளிம்பு கிடையாது, எல்லாப் புள்ளியும் உள்ளேதான். ஆக மூட்டையைப் பிரித்தால் வெறும் எண்கள்.

டோரஸுக்கும் இதே கதி. உளுந்து வடை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம், இங்கே உத்தின வடே. கோளத்தின் மூட்டையும் வடையின் மூட்டையும் ஒன்றே. இரண்டு ஓட்டை போட்ட வடைக்கும் அதேதான். தொடர்ச்சியான காம்பேக்ட் மேனிஃபோல்டு எதைக் கொடுத்தாலும் கைக்கு வருவது கலப்பெண்கள் மட்டும்.

கட்சி முழுதாகத் தோற்கவில்லை. காம்பேக்ட் அல்லாதவற்றுக்கு அது நிற்கும் என்று இன்னும் நம்புகிறேன்.

ஜூலை 7, திங்கள், காலை 6.50

இந்த இழையில் ஹலசூர் அண்ணா இரவு எழுதியிருப்பதைப் பார்த்தேன்: "சமதளத்தில் உள்ள டொமைனுக்கு (ஒரே துண்டாக உள்ள திறந்த பகுதிக்கு) நீ சொல்வது சரிதான் அம்மா, 1948-ல் கணிதவியலாளர் பெர்ஸ் நிரூபித்திருக்கிறார்." நன்றி அண்ணா. பஸ்ஸுக்கு முன் அதைப் போட்டுப் பார்த்தேன். நிரூபணத்தின் உயிர் நான்கே வரிதான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மூட்டையிலிருந்து கலப்பெண்களுக்குப் போகும் ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். அது கூட்டலையும் பெருக்கலையும் காக்க வேண்டும், மாறிலிகளை அப்படியே விட வேண்டும். புள்ளி ஒவ்வொன்றும் அப்படி ஒரு விதியைத் தருகிறது: அந்தப் புள்ளியில் சார்பின் மதிப்பைப் படி, அவ்வளவுதான். கேள்வி, வேறு விதி ஏதாவது உண்டா? இசட் என்ற சார்பை (ஒவ்வொரு புள்ளியிலும் அந்தப் புள்ளியையே மதிப்பாகத் தருவது) விதி ஒரு எண்ணுக்கு அனுப்பும், அதை அ என்போம். அ டொமைனுக்கு வெளியே இருந்தால் இசட் கழித்தல் அ எங்கும் பூச்சியமாகாது, அதன் தலைகீழும் மூட்டைக்குள்ளேயே இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1. ஆனால் விதி முதல் காரணியைப் பூச்சியத்துக்கு அனுப்புகிறது, பெருக்கற்பலனை 1-க்கு அனுப்ப வேண்டும். முரண். ஆகவே அ டொமைனுக்குள்தான் இருக்கிறது. அப்புறம் எந்தச் சார்பை எடுத்தாலும், அதிலிருந்து அ-வில் அதன் மதிப்பைக் கழித்தால் இசட் கழித்தல் அ அதை வகுத்துவிடும். ஆகவே விதி அந்தச் சார்பை அ-வில் உள்ள மதிப்புக்கே அனுப்புகிறது.

புள்ளிகளைக் காட்டாமலே புள்ளிகள் கிடைத்துவிட்டன! தலைகீழ் மூட்டைக்குள் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி, எது உள்ளே எது வெளியே என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஜூலை 7, மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் ஒரு திருத்தம். காலையில் "மாறிலிகளை அப்படியே விட வேண்டும்" என்று சேர்த்திருந்தேன். முதல் பதிவில் அது இல்லை, கூட்டலும் பெருக்கலும் மட்டும்தான். அந்த வித்தியாசம் முக்கியம். ஒரு டொமைனை மெய் அச்சில் கண்ணாடி போலப் பிரதிபலித்து, சார்பின் மதிப்பையும் இணை கலப்பெண்ணாக மாற்றினால் கூட்டல், பெருக்கல் எதுவும் கெடாது, பகுமுறைத் தன்மையும் கெடாது. ஐ மட்டும் கழித்தல் ஐ ஆகிவிடும். ஆக வெறும் வளையமாக (கூட்டலும் பெருக்கலும் மட்டும் தெரிந்த அமைப்பாக) கொடுத்தால் டொமைனா அதன் பிம்பமா என்று சொல்ல வழியில்லை. பெர்ஸின் தேற்றமும் அப்படியே சொல்கிறது: ஒரே மூட்டையுள்ள இரண்டு டொமைன்களை இணைப்பது கோணத்தைத் திசையோடு காக்கும் உருமாற்றம் அல்லது திசையைத் திருப்பிப்போடும் உருமாற்றம், இரண்டில் ஒன்று.

ஜூலை 9, புதன், இரவு 11.05

இன்று நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன், எனக்கு அது பெரிய விஷயம்.

இருபது ஆண்டுக்கு முன் திருச்சியில் எம்.எஸ்சி. படிக்கும்போது எங்கள் ஆசிரியர் போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னார்: "இரண்டு மாறி வந்துவிட்டால் சார்புகளுக்கு ஓட்டை தெரியாது." நான் அதை நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. தேர்வுக்கு அது இல்லை. நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இன்று மாலை ஹெப்பாள் மேம்பாலத்தில் பஸ் நாற்பது நிமிடம் நகரவில்லை. டிக்கெட்டின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கலப்பெண் மாறிகளின் வெளியில் ஆதிப்புள்ளியை மட்டும் பிடுங்கிவிட்டேன். மீதியில் ஒரு பகுமுறைச் சார்பு. முதல் மாறியைப் பூச்சியம் அல்லாத ஏதோ ஒரு மதிப்பில் நிறுத்திவிட்டு இரண்டாம் மாறியை மட்டும் ஓடவிட்டால், அந்தத் தளத்தில் ஓட்டையே கிடையாது. ஆகவே இரண்டாம் மாறியில் லாரண்ட் தொடர் (எதிர்மறை அடுக்குகளும் வரக்கூடிய அடுக்குத் தொடர்) எழுதினால் எதிர்மறை அடுக்குகளின் கெழுக்கள் எல்லாம் பூச்சியம். அந்தக் கெழுக்களை 1 ஆரமுள்ள வட்டத்தில் தொகையிட்டுத்தான் எடுக்கிறோம், அந்த வட்டம் ஓட்டையைத் தொடுவதே இல்லை. ஆகவே முதல் மாறியை மெல்ல மெல்லப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனாலும் கெழுக்கள் தொடர்ச்சியாகவே மாறும். வழி நெடுகப் பூச்சியமாக இருந்தது, போய்ச் சேர்ந்த இடத்திலும் பூச்சியம்தான். எதிர்மறை அடுக்கு ஒன்றுமே இல்லாததால் சார்பு ஓட்டைக்குள்ளும் தானாக நீண்டுவிடுகிறது.

அவ்வளவுதான். கோஷி தொகையீடு தெரிந்த என் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே இது புரியும். கணிதவியலாளர் ஹார்டாக்ஸ் 1906-ல் இதைவிடப் பெரிதாகவே காட்டினார்: ஒரு புள்ளி மட்டுமல்ல, சுற்றியுள்ள பகுதி தொடர்ச்சியாக இருக்கும்வரை நடுவில் ஒரு காம்பேக்ட் துண்டையே எடுத்தாலும் சார்புகள் உள்ளே நீண்டுவிடும். ஒற்றை மாறியில் 1-ஐ இசட்டால் வகுத்தால் போதும், ஓட்டை இருப்பது தெரிந்துவிடும். இங்கே அப்படி ஒரு சார்பைச் செய்யவே முடியாது.

கூடவே இன்னொன்றும் கிடைத்தது. இரண்டு மாறியில் ஒரு சார்பு தனித்து ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பூச்சியமாக முடியாது. அப்படி ஆகிவிட்டால் அதன் தலைகீழ் அந்த ஓட்டைக்குள் நீண்டுவிட வேண்டும், பூச்சியத்தின் தலைகீழ் எங்கிருந்து வரும்? வகுப்பில் "பூச்சியங்கள் தனித்தனியாகத்தான் இருக்கும்" என்று எத்தனை முறை பலகையில் எழுதியிருப்பேன். ஒரு மாறியில் மட்டும் என்று இனிமேல் சேர்த்துச் சொல்லுவேன்.

என் கட்சியின் கதி: ஆதிப்புள்ளி உள்ள வெளிக்கும் அது இல்லாத வெளிக்கும் மூட்டை ஒன்றே. இரண்டும் வேறு வேறு இடங்கள். காம்பேக்ட் அல்லாதவற்றுக்கு நிற்கும் என்று ஞாயிறு இரவு சொன்னதும் போயிற்று.

ஜூலை 10, வியாழன், காலை 7.05

ஆசிரியருக்கு எழுதலாம் என்று பார்த்தேன். அவர் இப்போது இல்லை.

ஜூலை 12, சனி, மாலை 5.30

டெல்லியில் பி.எச்டி. செய்யும் தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, அந்த வெளியில் ஆதிப்புள்ளியை எடுத்துவிட்டு, அது வழியாகப் போகும் கோடுகளை எல்லாம் புள்ளிகளாக்கி அந்த இடத்தில் வைத்தால்?" புளோ-அப்பைத்தான் சொல்கிறார். நல்ல கேள்வி தம்பி. ஓட்டை இருந்த இடத்தில் ஒரு முழுக் கோளம் உட்கார்ந்துவிடும். கோளம் காம்பேக்ட், ஆகவே எந்தச் சார்பும் அதன் மேல் மாறிலிதான். வெளியில் உள்ள பகுதிக்கு ஹார்டாக்ஸ் பொருந்தும். ஆக மூன்று இடங்கள்: முழு வெளி, புள்ளி பிடுங்கிய வெளி, புள்ளிக்குப் பதில் கோளம் வைத்த வெளி. மூன்றுக்கும் மூட்டை ஒன்று. முதலாவதில் இடமும் மூட்டையும் பொருந்துகின்றன. இரண்டாவதில் சார்புகளுக்குத் தெரிந்த ஒரு புள்ளி இடத்தில் இல்லை. மூன்றாவதில் இடத்தில் உள்ள கணக்கற்ற புள்ளிகளைச் சார்புகளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் கேள்வியே எனக்குத் தெளிவானது. எந்த இடங்களில் இரண்டு குறையும் இல்லை?

ஜூலை 13, ஞாயிறு, பிற்பகல் 3.20

அதற்குப் பெயர் இருக்கிறது: ஸ்டைன் மேனிஃபோல்டு. கார்ல் ஸ்டைன் 1951-ல் வைத்த நிபந்தனைகளை என் மொழியில் சொன்னால் இரண்டு. ஒன்று, எந்த இரண்டு வெவ்வேறு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றில் வெவ்வேறு மதிப்பு எடுக்கும் சார்பு ஒன்று இருக்க வேண்டும். புளோ-அப் இங்கே தோற்கிறது, காம்பேக்ட் எல்லாமே தோற்கின்றன. இரண்டு, இடத்தை விட்டு வெளியேறப் பார்க்கும் எந்தப் புள்ளித் தொடர்வரிசையை எடுத்தாலும் அதன் மேல் எல்லையின்றி வளரும் சார்பு ஒன்று இருக்க வேண்டும். புள்ளி பிடுங்கிய வெளி இதில் தோற்கிறது: ஓட்டையை நோக்கி ஓடினால் எல்லாச் சார்பும் அமைதியாக ஒரு மதிப்பில் போய் நின்றுவிடும்.

இந்த இரண்டும் இருந்தால் என் கட்சி ஜெயிக்கிறது. அதுவும் திங்கட்கிழமை போட்ட அதே நான்கு வரியால்! ஸ்டைன் மேனிஃபோல்டை அதிகப் பரிமாணமுள்ள ஒரு கலப்பெண் வெளிக்குள் மூடிய பரப்பாக வைக்கலாம் என்பது தெரிந்த தேற்றம். மேனிஃபோல்டின் பரிமாணத்தை இரட்டித்து 1 கூட்டினால் அந்த வெளியின் பரிமாணம் போதும். அப்போது ஆயத்தொலைவுகள் எல்லாம் மூட்டைக்குள் இருக்கும் சார்புகள். விதி அவற்றை அனுப்பும் எண்களைச் சேர்த்து வைத்தால் அதுவே புள்ளி. அது பரப்புக்கு வெளியே விழாது என்பதற்கு, அங்கே தலைகீழ் இருந்த இடத்தில் கார்ட்டானின் தேற்றம் பி வேலை செய்கிறது: பொதுவான பூச்சியம் இல்லாத சில சார்புகளைத் தகுந்தவற்றால் பெருக்கிக் கூட்டினால் 1 வரும். ஒற்றை மாறியில் ஒரு சார்பு செய்த வேலையை இங்கே பல சார்புகள் கூடிச் செய்கின்றன.

பெங்கேயும் ஸ்டைனும் 1949-ல் வெளியிட்டது இன்னும் பிடித்திருக்கிறது: காம்பேக்ட் அல்லாத ஒவ்வொரு தொடர்ச்சியான ரீமான் பரப்பும் (ஒற்றைப் பரிமாணக் கலப்பெண் மேனிஃபோல்டு) ஸ்டைன்தான். ஒற்றைப் பரிமாணத்தில் விதிவிலக்கே கிடையாது.

அப்புறம், பரப்பை வெளிக்குள் வைக்கும் அந்தத் தேற்றத்தை நிரூபித்தவர்கள் ரெம்மர்ட், பிஷப், நரசிம்மன். நரசிம்மன் என்ற பெயரைப் பார்த்ததும் எழுந்து நடந்தேன். ராகவன் நரசிம்மன், சென்னை லயோலாவில் ரசீன் பாதிரியாரிடம் படித்து, பம்பாய் டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) போனவர், பிறகு சிகாகோ. அவர் இதை எழுதியது 1960-ல், அப்போது வயது இருபத்து மூன்றுதான். அந்த டிஐஎஃப்ஆர் 1945-ல் தொடங்கியதே எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்தில். இன்னும் சில கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை "டாடா இன்ஸ்டிட்யூட்" என்றுதான் கூவுகிறார்கள். இந்தத் தேற்றம் ஏதோ தொலைதேசத்துச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள், காலை 6.40

நேற்றைய பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டேன். இரண்டு நரசிம்மன்களை ஒருவராக்கியிருந்தேன், ஹலசூர் அண்ணா உடனே சொன்னார். சேஷாத்ரியோடு 1965-ல் தேற்றம் தந்தவர் எம்.எஸ். நரசிம்மன். அவரும் லயோலா, அவரும் ரசீன் பாதிரியாரின் மாணவர், அவரும் டிஐஎஃப்ஆர், அதனால்தான் குழம்பியது. அவர் கடைசி ஆண்டுகளில் பெங்களூரில் இருந்து 2021-ல் இங்கேயே காலமானார். அண்ணா அவர் பேச்சை நேரில் கேட்டிருக்கிறாராம். நான் அதே ஊரில் இத்தனை வருடம் இருந்து ஒரு முறைகூடப் போகவில்லை, அது வலிக்கிறது.

ஜூலை 19, சனி, இரவு 10.10

ஒரு வாரம் உள்தேர்வுத் தாள்கள். இடையில் டெல்லித் தம்பி இழையைத் திருப்பிவிட்டார்: "எல்லாச் சார்பும் என்றால் மூட்டை மிகப் பெரிது, நீளம் அளக்க முடியாது. மட்டு வர்க்கத்தைத் தொகையிட்டால் முடிவுள்ள எண் வரும் சார்புகளை மட்டும் எடுத்தால்?" அதற்குப் பெயர் பெர்க்மன் வெளி. அவர் ஆய்வே அதில்தானாம்.

அலகு வட்டத்தகட்டில் அழகாக இருக்கிறது. இசட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. 10-ஆம் அடுக்கின் மட்டு வர்க்கத்தைத் தகட்டின் மேல் தொகையிட்டால் பை வகுத்தல் 11. அடுக்கு ஏற ஏற நீளம் குறைகிறது. முழுச் சமதளத்தில் அதே அடுக்குகள் ஒவ்வொன்றும் முடிவிலியைத் தருகின்றன, ஆகவே அங்கே பெர்க்மன் வெளியில் பூச்சியத்தைத் தவிர ஒன்றுமில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது இதனால்தான்: வட்டத்தகட்டின் நடுப்புள்ளியைப் பிடுங்குங்கள். 1 வகுத்தல் இசட் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும் என்று 9-ஆம் தேதி சொன்னேனே, அதன் மட்டு வர்க்கத்தைத் தொகையிட்டால் மடக்கை வந்து முடிவிலிக்குப் போய்விடுகிறது. ஆகவே அது வெளியே தள்ளப்படுகிறது, மீதியுள்ளவை எல்லாம் ஓட்டைக்குள் நீண்டுவிடுகின்றன. இரண்டு மாறி வந்தால்தான் ஓட்டை தெரியாது என்பதில்லை. நீளம் அளக்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஒற்றை மாறியிலும் தெரியாது. அளக்கும் வசதிக்கு ஓட்டையைக் கொடுத்துவிடுகிறோம்.

ஜூலை 20, ஞாயிறு, காலை 11.45

நேற்று இதன் கடைசியில் "பெர்க்மன் வெளி என்றால் பூச்சியம் அல்லது முடிவிலாப் பரிமாணம்" என்று போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். சமதள டொமைனுக்கு மட்டும்தான் அது உண்மை. இரண்டு மாறியில் எந்த எண்ணைச் சொன்னாலும் சரியாக அத்தனை பரிமாணம் வரும்படி ஒரு டொமைன் செய்யலாம் என்று 1984-ல் வீகரிங்க் காட்டியிருக்கிறார். தம்பிக்கு நன்றி.

ஜூலை 20, இரவு 8.30

மேனிஃபோல்டில் ஒரு சிக்கல். வட்டத்தகட்டில் பரப்பு என்றால் என்ன என்று தெரியும். பொதுவான மேனிஃபோல்டில் எதை வைத்துத் தொகையிடுவது? ஒவ்வொரு ஆயக்கூறு ஒட்டிலும் (இடத்தின் ஒரு துண்டுக்கு நாம் போடும் ஆயங்களிலும்) பரப்பு வேறு.

வழி எளிது, எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சார்பை விட்டுவிட்டு ஃபார்மை எடுக்க வேண்டும். ஒற்றைப் பரிமாணத்தில், சார்பும் அதன் பக்கத்தில் டி-இசட்டும். ஆயக்கூறை மாற்றினால் சார்புப் பகுதி ஒரு வகைக்கெழுவால் பெருகும், பரப்பு அதே வகைக்கெழுவின் மட்டு வர்க்கத்தால் வகுபடும். மட்டு வர்க்கம் எடுத்துத் தொகையிடும்போது இரண்டும் அடிபட்டுப் போகின்றன. யாரிடமும் அளவுகோல் கேட்க வேண்டாம், இடமே தன் அளவுகோலைக் கொடுக்கிறது. 1959-ல் கோபயாஷி மேனிஃபோல்டுகளுக்குப் பெர்க்மனின் வேலையை நீட்டியது இந்த வழியில்தான்.

இப்போது 6-ஆம் தேதி இரவுக்குத் திரும்புங்கள். கோளத்தையும் வடையையும் சார்புகளால் பிரிக்க முடியவில்லை. ஃபார்ம்களைக் கேளுங்கள். கோளத்தில் பகுமுறை ஃபார்ம் ஒன்றுகூட இல்லை, பரிமாணம் 0. வடையில் 1. இரண்டு ஓட்டை என்றால் 2, மூன்று என்றால் 3. சார்புகள் வாயே திறக்காத இடத்தில் ஃபார்ம்கள் ஓட்டைகளை எண்ணிக் கொடுக்கின்றன! அந்த ஃபார்ம்களை ஓட்டைகளைச் சுற்றித் தொகையிட்டு வரும் எண்களை, எந்தச் சுற்று எதை வெட்டுகிறது என்ற கணக்கோடு வைத்துக்கொண்டால் ரீமான் பரப்பே திரும்பக் கிடைக்கிறது, அது டொரெல்லி 1913-ல் தந்த தேற்றம். இரண்டு வாரமாக நான் தவறான மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய், இரவு 9.15

இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்று ஹார்டாக்ஸை நடத்தினேன். பாடத்திட்டத்தில் இல்லை, கடைசிப் பதினைந்து நிமிடம். பின்வரிசைப் பெண் ஒருத்தி, "மேடம், அப்போ மூன்று மாறியில் ஒரு கோட்டையே எடுத்துவிட்டால்?" என்றாள். அங்கேயும் அதே லாரண்ட் வாதம் ஓடுகிறது என்று அவளே பலகைக்கு வந்து காட்டினாள். அப்புறம் தானாகவே, "ஆனால் ஒரு தளத்தை எடுத்தால் ஓடாது, அந்தத் தளத்தில் மட்டும் பூச்சியமாகும் சார்பின் தலைகீழ் இருக்கிறதே" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு, மாலை 6.00

ஹலசூர் அண்ணா வீட்டுக்குப் போய் வந்தேன். அவர் கையால் காபி, மேசையில் காகிதம். பரிமாணத்தை இரட்டித்து 1 கூட்டுவது என்றால் ரீமான் பரப்புக்கு 3. மூன்று சார்புகள் இருந்தால் காம்பேக்ட் அல்லாத எந்தப் பரப்பையும் வெளிக்குள் மூடிய பரப்பாக வைத்துவிடலாம். "இரண்டு போதுமா?" என்று கேட்டேன். அண்ணா சிரித்துக்கொண்டே, "அதுதான் இன்னும் தீராத கேள்வி அம்மா, எல்லாப் பரப்புக்கும் யாரும் முடிக்கவில்லை" என்றார். வட்டத்தகட்டுக்கு இரண்டு போதும் என்பது தெரியும். அது எப்படி என்று அடுத்த ஞாயிறு போட்டுப் பார்க்கப்போகிறோம். மல்லேஸ்வரம், ஹலசூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் இங்கே எழுதுங்கள், பலகை இருக்கிறது.